ஐந்தாவது ஓட்டை

அருங்காட்சியகத்தில் அவருக்குப் 'பூச்சு' என்று பெயர். நேரில் பூச்சு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் பூச்சு. கேட்டால் அவரே சிரித்துவிடுவார், அதனால்தான் ஒட்டிக்கொண்டது. அங்கே வருவதற்கு முன்னால் இருபது வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணியவர். பருவா, அம்மைத் தழும்பா, கண்ணுக்குக் கீழே கருவளையமா, எதுவானாலும் சரி, கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினால் முகம் உரித்த முட்டையாகிவிடும். பெற்ற தாய்க்கே மாப்பிள்ளையை அடையாளம் தெரியாது. அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, கையில் தொழில் உள்ளவனுக்கு இல்லாத கர்வம் வேறு யாருக்கு இருக்கப்போகிறது.

கல்யாணமான புதிதில் அந்தக் கர்வத்துக்கு வீட்டிலேயே ஓர் அடி விழுந்தது. அவர் மனைவிக்கு இடது புருவத்தை இரண்டாக வெட்டினாற்போல ஒரு தழும்பு. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. கல்யாணப் போட்டோவில் அதை மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாக நட்டு, இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிட்டார். பெரிதாகப் பிரேம் போட்டு, துணியால் மூடிக் கொண்டுபோய் மனைவி முன்னால் நிறுத்தினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா,” என்றாள். “யாரு இவ?”

அந்தப் படம் இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், “அது அவரோட மூத்த சம்சாரம்,” என்று காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருக்கிறது என்று அவருக்கு உறைக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதைதான் இது.

கைக்குக் கை போன் வந்து, போனே பருவைத் துடைக்கத் தொடங்கியதும் ஸ்டுடியோ படுத்துவிட்டது. நல்ல வேளையாக அருங்காட்சியகத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அருங்காட்சியகங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உலகத்துப் பொருளையெல்லாம் கொண்டுவந்து கண்ணாடிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, தொடாதே, சாயாதே, கிட்டே வராதே என்று நாலு சுவரிலும் எழுதிப் போட்டிருப்பார்கள். கண் உள்ளவனாவது பார்த்துவிட்டுப் போவான். கண் தெரியாதவர் வந்தால் கண்ணாடியைத் தடவிவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த அநியாயம் அத்தனை காலம் ஒருவருக்கும் உறைக்கவில்லை. புதிதாக வந்த காப்பாட்சியர் அம்மாவுக்கு உறைத்தது. அவர்தான் பொருட்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றலாம், பெரிய திரையில் பிள்ளைகள் விரலால் திருப்பிப் பார்க்கட்டும், கண் தெரியாதவர்களுக்கு அச்சு அசலாக நகல் செய்து கையிலேயே கொடுக்கலாம் என்று அலைந்து திரிந்து அனுமதி வாங்கினார். பூச்சு அதற்குத்தான் வேலைக்கு வந்தார்.

வேலை இதுதான். பொருளைச் சுழலும் தட்டில் வைத்து, சுற்றிச் சுற்றி இருநூறு படம் எடுப்பார். கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஒட்டவைத்து முழு உருவமாக்கும். வெளிச்சம் புகாத இண்டு இடுக்கெல்லாம் ஓட்டையாக விழும்; அவற்றைச் சிவப்புக் கோடு கட்டிக் காட்டி, அடைக்கவா என்று கேட்கும். அவர் ஒவ்வொன்றாக அடைத்து, வழித்து, சமன் செய்து கொடுத்தால், பக்கத்து அறையில் உள்ள இயந்திரம் நூல் நூலாகப் பிளாஸ்டிக்கை அடுக்கி நகலை வளர்த்துக் கொடுத்துவிடும். முகத்தைத் துடைத்த கைக்குச் செப்புக் குவளை எம்மாத்திரம். அவர் அடைத்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம் அது. நகல் மேசை திறந்த அன்று பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பியானோக்காரர் வந்து, ஒரு கற்சிலையின் முகத்தை முக்கால் மணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். “இந்தாள் யாரையோ திட்டப்போறார், அதுக்குள்ள கல்லாயிட்டார்,” என்றார். அந்தச் சிலையைத் தினம் பார்க்கும் காவலாளி ஓடிப்போய் உதட்டை உற்றுப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் சார் என்றார். பூச்சு அன்று வீட்டுக்குப் பறந்துகொண்டுதான் போனார்.

அதற்கு அடுத்த வருடம் படகுப் பெட்டி வந்தது.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றைக் கடக்கும்போது ஒரு பெரிய படகு கவிழ்ந்தது. அதிலிருந்து எடுத்த பொருட்கள் வழக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் கிடந்து, பிறகு அருங்காட்சியகத்தின் கிடங்குக்கு வந்து, கேட்பாரில்லாமல் இருந்தன. ஒரு மூக்குக் கண்ணாடி, முறுக்கிக்கொண்ட குடை, மூடி திறக்காத டிபன் பாக்ஸ், அடித்தட்டுப் பலகை இடுக்கில் சிக்கியிருந்த ஒரு குழந்தையின் இடது கால் செருப்பு. காப்பாட்சியர் அம்மா எல்லாவற்றையும் நகல் எடுக்கச் சொன்னார். அசல் செருப்பின் தோல் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. இருட்டிலும் குளிரிலும் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பண்டம், யார் கையிலும் கொடுக்க முடியாது. நகல் தயாரானதும், குடும்பத்தார் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்று வானொலியில் சொன்னார்கள்.

வந்தவர்களில் ஒருத்திதான் அந்தத் தையல்காரம்மா. அறுபதைத் தாண்டிய, ஒடிசலான உருவம். கண் அழுத்த நோயில் பார்வை போய் ஆறு வருடமாகியிருந்தது. கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாகவே வந்தாள். அந்தப் படகில் அவள் புருஷனும் எட்டு வயது மகளும் போயிருந்தார்கள்.

“அவர் கிடைச்சார்,” என்றாள், நாற்காலியில் உட்கார்ந்ததும். “இவ கிடைக்கல. செருப்பு ஒண்ணு கிடைச்சுது, அது அவளோடதுதான்னு எல்லாரும் சொன்னாங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் கிடைச்சுட்டாங்களாம், அதனால இது இவளோடதாத்தான் இருக்கணுமாம். அப்போ நான் எழுந்திருக்கிற நிலைமையில இல்ல. அப்புறம் கோர்ட்டுன்னாங்க, சீல்னாங்க. கண்ணு இருந்தப்போ காட்டல. இப்போ காட்டறீங்க.”

பூச்சு நகலை எடுத்து அவள் மடியில் வைத்தார். “மயிரிழை பிசகாதும்மா,” என்றார். “பெட்டியில இருக்கறது எப்படியோ அப்படியே இருக்கும்.” யாருக்கும் சொல்கிற வாக்கியம்தான், அவர் வாயில் எப்போதும் தயாராக இருப்பது.

ஆயுசு முழுக்கத் துணியை அளந்த விரல்கள் அவை. குதிகால், விளிம்பு, பெருவிரல் பதிந்த பள்ளம் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தன. கணுக்காலைச் சுற்றும் வாருக்கு வந்ததும் நின்றன.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு,” என்று ஓட்டைகளை எண்ணினாள். வாரின் நுனி வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடி எண்ணினாள். “நாலுதானா, தம்பி?”

அவர் எட்டிப் பார்த்தார். “நாலுதாம்மா.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. நாலாவதுக்கு அப்புறம், கொஞ்சம் கீழே இறங்கி, கோணலா ஒண்ணு இருக்கா?”

“இல்லையேம்மா.”

தையல்காரம்மாவின் முகம் மாறியது. அழப்போகிறாள் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தினார். அவள் அழவில்லை.

“அவளுக்குக் காலு குச்சி மாதிரி. கடைசி ஓட்டையில போட்டாலும் லொடலொடன்னு கழண்டுடும். அன்னிக்குக் காலையில அவங்கப்பா வாசல்ல நின்னு அவசரப்படுத்தறார். நான் கோணி ஊசியை அடுப்புல காட்டி, சிவக்க வெச்சு, ஒரே குத்தாக் குத்தினேன். அவசரத்துல கோணிக்கிச்சு. ஏம்மா, இவ்ளோ தைக்கிறியே, ஒரு ஓட்டை நேராப் போடத் தெரியலையேன்னு சிரிச்சா. அதைப் போட்டுக்கிட்டுத்தான் போனா.” நகலை மேசை மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். “இது அவளோடது இல்ல தம்பி.”

பூச்சுவுக்கு நினைவு இருந்தது. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு கட்டிக் காட்டியவற்றில் நாலு ஓட்டை வரிசையாக, ஒரே அளவில் இருந்தன. செருப்புக்காரன் போட்டது என்று விட்டுவிட்டார். ஐந்தாவது ஒன்று வரிசை தப்பி, கோணலாக, ஓரம் சுருங்கிப்போய் இருந்தது. தோல் நைந்த இடம், படத்தில் விழுந்த பழுது என்று நினைத்து, அடை என்று தட்டினார். அதோடு விடாமல், சுற்றியிருந்த சுருக்கத்தையும் வழித்துவிட்டார். அன்று அந்த வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சபாஷ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் நினைவு இருந்தது. பாவி மனிதன், அதை அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல விடாமல் அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் எவனும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

“அப்போ அவ படகுல ஏறினாளான்னே தெரியாதுல்ல? கரையில அவ்வளவு கூட்டமாம். இவர் கையை விட்டிருப்பார். அழுதுக்கிட்டு நின்னிருப்பா, யாரோ நல்லவங்க தூக்கிட்டுப் போயிருப்பாங்க. இருபத்தெட்டு வருஷமா செருப்பு செருப்புன்னு சொல்லியே என்னை உட்கார வெச்சுட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும் தம்பி.” தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வந்தபோது பிடித்துக்கொண்டு நடந்த கைப்பிடிச் சுவரைப் போகும்போது அவள் தொடவே இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“விட்டுடுங்க,” என்றாள். “இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி சிரிச்சிருக்கா. உங்களுக்கு என்ன போச்சு?”

அவரும் விட்டுவிடத்தான் பார்த்தார். நாலு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் தையல்காரம்மாவே வந்து நின்றாள், கையில் ஒரு பழைய கவருடன்.

“தம்பி, சின்ன வயசுப் போட்டோவைக் கொடுத்தா, இப்போ எப்படி இருப்பாங்கன்னு கம்ப்யூட்டர்ல பண்ணலாமாமே? உங்களுக்குக் கை வந்த கலைன்னு வாசல்ல இருக்கறவர் சொன்னார். முப்பத்தாறு வயசுப் பொம்பளையா ஆக்கிக் கொடுங்க. பத்திரிகையில போடணும்.”

பூச்சு கவரை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது.

“தங்கச்சி வீட்டுக்குப் போறதா இருந்தேன்,” என்றாள் அவள். “கண்ணு தெரியாம தனியா அடுப்புல நிக்காதேன்னு ரெண்டு வருஷமாத் தொல்லை. சாமான்கூடக் கட்டியாச்சு. இப்போ வரலன்னு சொல்லிட்டேன். எம் பொண்ணுக்குத் தெரிஞ்சது நான் இருக்கற வீடு ஒண்ணுதான். நான் போயிட்டா அவ எங்கேன்னு தேடி வருவா?” இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டி ஏதோ சொன்னாள், அவர் காதில் விழவில்லை. புறங்கையில் மணிக்கட்டு வரை புதிதாகச் சுட்டுக்கொண்ட கொப்புளம் இருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் போட்டோவைத் திரையில் ஏற்றினார். ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. வாழ்நாள் முழுக்க வயதைக் குறைத்தே பழகிய கை, முதல்முறையாக வயதை ஏற்றியது. தாடையை நீட்டினார், கன்னத்தை வற்றவைத்தார், பல்லைக் கொடுத்தார், கண்ணோரம் இரண்டு கோடு இழுத்தார். நெற்றியோரம் ஒரு நரை வைத்தார். கை கேட்டபடியெல்லாம் செய்தது. சாயங்காலம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பார்த்தபோது, ஒரு பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சு அசல் தையல்காரம்மா, கண்ணில் மட்டும் பார்வை இருந்தது.

யாரு இவ? மனைவியின் குரல் காதருகில் கேட்டதுபோல இருந்தது.

இப்படி ஒருத்தி எங்கேயும் இல்லை. நான் ஒரு ஓட்டையை அடைத்ததால் பிறந்தவள் இவள். இவளுக்காக ஒரு கிழவி அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறாள். பூச்சு அந்த மேசையிலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தரை துடைக்க வந்த பெண்மணி அரவமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காப்பாட்சியர் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் திட்டவில்லை. இருவரும் கிடங்குக்குப் போய், கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார்கள். நாலாவது ஓட்டையைத் தாண்டி, கீழே சரிந்து, ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு, அது இருந்தது. கோணி ஊசி போன வழி. இத்தனை வருடம் தண்ணீரும் இருட்டும் விட்டுவைத்ததை அவர் ஒரு தட்டில் அழித்திருந்தார்.

“நம்ம எல்லாரோட தப்புதான். நானும் கூட வரட்டுமா?” என்றார் காப்பாட்சியர் அம்மா.

“வேண்டாம்மா. அடைச்சது நான்.”

ஐந்தாவது ஓட்டையுடன் புது நகல் வளர மூன்று பகல் பிடித்தது. அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் அவள் வீட்டைத் தேடிப் போனார். கிளம்பும்போது மனைவியிடம் கொப்புளத்தைப் பற்றிச் சொன்னார். விட்டுவிடுங்கள் என்று சொன்னவள், இந்த முறை புருவத்தைத் தேய்த்துக்கொண்டே, “பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க. நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க,” என்றாள்.

ஒரு சந்தின் கடைசி வீடு. கதவு அகலத் திறந்து கிடந்தது. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன் மேல் உறை. கட்டிய சாமான் மூட்டைகள் பாதி அவிழ்ந்து தரையில் இருந்தன. காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. “யாரு?” என்றாள் தையல்காரம்மா. அந்த ஒரு சொல்லில் இருந்த ஆசையைக் கேட்டதும் பூச்சுவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

“நான்தாம்மா. மியூசியத்துல இருந்து.”

“நீங்களா. வாங்க, வாங்க. கதவு திறந்திருக்கேன்னு பார்க்கறீங்களா? ராத்திரி பகல் பூட்டறதில்ல. அவ வந்து தட்டி, நான் தூங்கிட்டு இருந்தேன்னு வைங்க, யாரும் இல்லைன்னு போயிடுவா பாருங்க. போட்டோ ஆயிடுச்சா?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து துணிப் பொதியை எடுத்துப் பிரித்தார்.

“அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அன்னிக்கு உங்ககிட்டக் கொடுத்த நகல் சரியில்ல. ஒரு இடத்தைப் பழுதுன்னு நினைச்சு நானே அடைச்சுட்டேன். அதைச் சரி பண்ணிக் கொண்டுவந்திருக்கேன்.”

அவள் கையை நீட்டினாள். செருப்பு உள்ளங்கையில் பட்டதும் விரல்கள் இந்த முறை குதிகாலுக்கோ விளிம்புக்கோ போகவில்லை. நேராக வாருக்குப் போயின. எண்ணவும் இல்லை. சுண்டு விரலின் நுனி சரிந்து இறங்கி அந்தக் கோணல் ஓட்டைக்குள் பொருந்தி நின்றது.

சந்தில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவள் விரலை எடுக்கவில்லை. திட்டுவாள், செருப்பாலேயே அடிப்பாள் என்று பூச்சு காத்திருந்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

“நேராப் போடத் தெரியலையேன்னா,” என்றாள் அவள். பிறகு செருப்பை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் குனிந்துகொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த முதுகில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

“மன்னிச்சுடுங்கம்மா,” என்றார்.

“அடைச்சது அப்படியே இருந்திருக்கலாம் தம்பி,” என்றாள். “பத்து நாள்தான் இருந்தா. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தப் போட்டோ பண்ணிட்டீங்களா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். “பண்ணிட்டேன்மா.”

“எப்படி இருந்தா?”

“உங்களை மாதிரியே இருந்தாங்கம்மா. முன்நெத்தியில ஒரே ஒரு நரை. நல்லாச் சிரிச்ச முகம்.”

“பல்லு முளைச்சிருந்ததா?”

“முளைச்சிருந்துதும்மா.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு தங்கை வீட்டுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள். போனில், “வந்து கூட்டிட்டுப் போ,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். செருப்பை அவர் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

அவர் எழுந்து வாசலுக்கு வந்தபோது, பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“தம்பி, போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க.”

பத்து நாள் திறந்தே கிடந்த கதவு, மழைக்கு உப்பிப்போய் நிலையில் பொருந்த மறுத்தது. அவர் இரண்டு முறை இழுத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது.